ஹோட்டலில் ஆள் ஏன் நிற்பதில்லை: மொரீஷியஸ் சூப்பர்வைசர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸ் ஹோட்டல்களில் ஹவுஸ்கீப்பிங், ரெஸ்டாரண்ட், கிச்சன், ரிசப்ஷன் என்று ஏதோ ஒரு பிரிவில் பத்துப் பேரையோ நாற்பது பேரையோ வைத்து வேலை வாங்குகிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். கிராண்ட் பே, பெல் மார், ஃபிளிக் அன் ஃபிளாக் என்று எந்தக் கரைக்குப் போனாலும் ஒரே புலம்பல்தான்: ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் நிற்பதில்லை. சுமார் 12.5 லட்சம் பேர் வாழ்கிற இந்தத் தீவுக்கு 2018-இல் கிட்டத்தட்ட 14 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். கோவிட் காரணமாக 2020 மார்ச்சில் மூடிய எல்லை 2021 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வேறு பிழைப்புத் தேடிப் போன அனுபவசாலிகள் பலர் திரும்பவே இல்லை, ஆனால் பயணிகள் திரும்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் தலையில் எல்லா வேலையும் விழுந்தது; அவர்களும் தாங்க முடியாமல் கப்பல் வேலைக்கும் துபாய்க்கும் கனடாவுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சம்பளம் குறைவு, அதனால் போகிறார்கள் என்று சொல்லி நாம் கையை விரித்துவிடுகிறோம். சம்பளம் பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சம்பளத்தை நிர்ணயிப்பது சூப்பர்வைசர் இல்லை. அவர் கையில் இருப்பது ரோஸ்டர் (யார் எந்த நாள் எந்த நேரம் வேலை என்கிற பட்டியல்), அறைப் பங்கீடு, ஒருவரிடம் எப்படிப் பேசுகிறோம் என்பது. இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தாலே பாதிப் பேர் யோசித்துத்தான் ராஜினாமா எழுதுவார்கள் என்பது என் உறுதியான எண்ணம். யோகா நாள், பிறந்தநாள் கேக், 'மாதத்தின் சிறந்த ஊழியர்' படம் எல்லாம் பிறகு செய்துகொள்ளலாம்.

படி 1: போனவர்களை எண்ணுங்கள், எப்போது போனார்கள் என்றும் பாருங்கள்

கடந்த 12 மாதத்தில் உங்கள் பிரிவை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், சராசரியாக எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள்? முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 40 பேர் இருக்கும் இடத்தில் 14 பேர் போயிருந்தால் 35 சதவீதம். இந்த எண்ணை எச்.ஆர் வைத்திருப்பார்கள். ஆனால் அது மட்டும் ஒன்றும் சொல்லாது.

போனவர்களை மூன்றாகப் பிரியுங்கள்: சேர்ந்து மூன்று மாதத்துக்குள் போனவர்கள், ஓராண்டுக்குள் போனவர்கள், அதற்கும் மேல் இருந்து போனவர்கள். முதல் கூட்டம் பெரிதாக இருந்தால் கோளாறு ஆள் எடுக்கும்போது சொன்ன வாக்குறுதியிலோ முதல் வாரத்திலோ இருக்கிறது. நடுக் கூட்டம் என்றால் பெரும்பாலும் ரோஸ்டரும் நேரடி சூப்பர்வைசரும் (அது நீங்களாகவும் இருக்கலாம், அப்படி இருந்தால் அதையும் எழுதிவையுங்கள்). ஐந்தாறு வருடம் இருந்தவர்கள் போகிறார்கள் என்றால் அது வேறு வலி. 2024-இல் குறைந்தபட்ச மாத ஊதியம் 16,500 மொரீஷியஸ் ரூபாயாக உயர்ந்தது நல்ல விஷயம். ஆனால் அடிமட்டம் உயரும்போது நேற்று வந்தவருக்கும் எட்டு வருடம் உழைத்தவருக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிப்போகிறது. அனுபவசாலி அதை உடனே கவனிப்பார், வாய் திறந்து சொல்ல மாட்டார்.

படி 2: சாதாரணக் களைப்பா, பர்ன்அவுட்டா?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை, அதாவது வேலையில் எரிந்து தீர்ந்துபோவதை, தன் நோய்ப் பட்டியலின் 11-ஆவது பதிப்பில் சேர்த்தது. ஆனால் நோயாக இல்லை, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலையாக. சரியாகக் கையாளப்படாத, நீண்ட நாள் வேலை அழுத்தத்தால் வருவது என்பது அதன் விளக்கம். இது மிக முக்கியம், ஏனென்றால் 'அவருக்கு மனவலிமை போதாது' என்று நாம் சொல்கிற சாக்கு இங்கே அடிபட்டுப் போகிறது. மூன்று அடையாளங்களை அது சொல்கிறது. ஹோட்டலில் அவை எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

முதலாவது, தீராத சோர்வு. ஓய்வு நாள் முடிந்து வந்தவர் ஓய்வு எடுக்காதவர் மாதிரியே இருப்பார். இரண்டாவது, வேலையிலிருந்து மனம் விலகுவது: விருந்தினரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தவர் 'அந்த 214 மறுபடி கூப்பிடுது' என்பார், சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும், பிரீஃபிங்கில் பின்வரிசைக்குப் போய்விடுவார். மூன்றாவது, தன்னால் ஒன்றும் ஆகாது என்கிற நினைப்பு. கைதேர்ந்த வெயிட்டர் ஆர்டரை மறக்கத் தொடங்குவார், கேட்டால் 'என்ன செஞ்சாலும் இப்படித்தான்' என்பார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதலில் எரிந்துபோவது சோம்பேறி இல்லை. கூப்பிட்டால் வருகிறவர்தான். ஆள் குறைகிற ஒவ்வொரு முறையும் நம் விரல் தானாக அதே நாலு எண்களைத்தான் போனில் அழுத்துகிறது. ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: யாரை, எந்தத் தேதியில், ஓய்வு நாளில் கூப்பிட்டோம் என்று மட்டும் அதில் எழுதுங்கள். இரண்டு மாதத்தில் யார் அடுத்துப் போகப்போகிறார் என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

படி 3: ரோஸ்டரைச் சரிசெய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் கனமானது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

ரெஸ்டாரண்டில் ஸ்ப்ளிட் ஷிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 6.30 முதல் 10.30 வரை பிரேக்ஃபாஸ்ட், மாலை 6.30 முதல் 10.30 வரை டின்னர். காகிதத்தில் எட்டு மணி நேரம். ஆனால் ரோஸ் ஹில்லிலோ ஃபிளாக்கிலோ வீடு இருக்கும் ஒரு பெண் ஹோட்டல் வேனைப் பிடிக்க விடியற்காலை 5 மணிக்கு வாசலில் நிற்க வேண்டும், இரவு வீடு சேரும்போது 11.30 தாண்டிவிடும். நடுவில் கிடைக்கிற எட்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் வர வண்டி கிடையாது. லாக்கர் ரூம் பெஞ்சில் படுத்திருப்பார். பதினெட்டரை மணி நேரத்தை நாம் எடுத்துக்கொண்டு எட்டுக்குச் சம்பளம் கொடுக்கிறோம்; சட்டத்தில் இதற்கு இடம் இருக்கலாம், உடம்பு ஏற்றுக்கொள்ளாது.

ஸ்ப்ளிட்டை முழுதாக ஒழிக்க முடியாத ஹோட்டல்கள் உண்டு, புரிகிறது. அப்படியானால் ஒருவருக்கு வாரத்தில் இரண்டுக்கு மேல் போடாதீர்கள், அடுத்தடுத்த நாளில் போடாதீர்கள், வீடு பக்கத்தில் இருப்பவர்களிடம் முதலில் கேளுங்கள், தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு நடு நேரத்தில் படுக்க ஒரு அறை ஒதுக்கச் சொல்லிப் போராடுங்கள். மூடிக் கிடக்கும் ஒரு அறையில் நாலு கட்டில் போட்டால் போதும்.

அடுத்தது, இரவு மூடியவரையே காலையில் திறக்க வைப்பது. பாரை 11.30-க்கு மூடியவர் 6.30-க்குத் திரும்ப வந்தால் நடுவில் ஏழு மணி நேரம். போக வர இரண்டு மணி நேரம் கழித்தால் தூக்கம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு நாளில் 11 மணி நேரத் தொடர் ஓய்வு சட்டமாகவே இருக்கிறது. அந்த 11-ஐ உங்கள் ரோஸ்டரின் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு நாள் வேலைக்குப் பிறகு முழுதாக ஒரு நாள் ஓய்வு, வாரம் 45 மணி நேரம், ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை, இருபது நிமிட டீ இடைவேளை என்பதெல்லாம் 2019-ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டத்திலேயே இருப்பவை. அவற்றைச் சலுகை மாதிரி பேசாதீர்கள்.

அப்புறம், ரோஸ்டரை எப்போது ஒட்டுகிறீர்கள்? ஞாயிறு மாலை ஒட்டி திங்கள் காலை நடைமுறைக்கு வருகிற ரோஸ்டர்தான் மனிதர்களை அதிகமாக நோகடிக்கிறது. குழந்தையின் பள்ளிக் கூட்டம், அம்மாவின் ஆஸ்பத்திரித் தேதி, வீட்டு விசேஷம் எதற்கும் வாக்குக் கொடுக்க முடியாத வாழ்க்கை அது. இரண்டு வாரம் முன்பே ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மாற்ற வேண்டி வந்தால் நேரில் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு ஆள் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது தானே தேர்ந்தெடுக்கட்டும். எத்தனை அறை நிரம்பும் என்கிற ஆக்குபன்சி கணிப்பு ரிசப்ஷனில் இரண்டு வாரத்துக்குத் தயாராகவே இருக்கும். கேட்டால் தருவார்கள்.

படி 4: அறைகளை எண்ணாதீர்கள், நிமிடங்களை எண்ணுங்கள்

ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்கு இது. ஒருவருக்கு 16 அறை என்று தாளில் எழுதுவது சுலபம். ஒரு கைக்கடிகாரத்தோடு உங்கள் ஹோட்டலில் ஒரு நாள் நடந்து பாருங்கள். உதாரணத்துக்கு, விருந்தினர் காலி செய்துவிட்டுப் போன செக்அவுட் அறைக்கு 40 நிமிடம், தங்கியிருப்பவரின் அறைக்கு 22 நிமிடம் ஆகிறது என்று வைப்போம். எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். அதில் டீ 20, பிரீஃபிங் 15, டிராலி அடுக்க 15, கடைசியில் லினன் (விரிப்பு, துண்டு) கணக்கு ஒப்படைக்க 20 போனால் மிச்சம் 410.

8 செக்அவுட், 8 தங்கும் அறை என்றால் 320-உம் 176-உம் சேர்ந்து 496 நிமிடம். 86 நிமிடம் எங்கிருந்து வரும்? டீயை விட்டுவிடுவார், சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடிப்பார், பாத்ரூம் தரையில் ஒரு மூலையை விடுவார், அதற்கு நீங்கள் திட்டுவீர்கள். இதுதான் நாள் தவறாமல் நடக்கிறது. அதே கணக்கில் 6 செக்அவுட், 7 தங்கும் அறை என்றால் 394 நிமிடம், மூச்சு விடலாம். கடற்கரை வில்லாக்கள் இருக்கும் ஹோட்டலில் நடக்கிற நேரத்தையும், மணல் நிறைந்த தரையையும் இதில் சேர்க்க வேண்டும். ஒரே ஆளுக்குத் தொடர்ந்து செக்அவுட் நிறைந்த தளத்தைக் கொடுக்காமல் சுழற்றுங்கள். மெத்தையைத் தூக்கி விரிப்பைச் செருகிச் செருகி இடுப்பு போனவர்கள் எல்லா ஹோட்டலிலும் இருக்கிறார்கள்.

இந்த நிமிடக் கணக்குக்கு மேல் அறை கொடுத்தே ஆக வேண்டிய நாளில் ஓவர்டைம் எழுதிக் கொடுங்கள். சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு. எழுதப்படாத ஓவர்டைமைப் போல ஒரு ஆளுக்கு மனம் கசக்க வைப்பது வேறெதுவும் இல்லை.

படி 5: போவதற்கு முன்பே பேசுங்கள்

ராஜினாமா கொடுத்த பிறகு எச்.ஆரில் நடக்கும் நேர்காணலில் யாரும் உண்மை சொல்வதில்லை, 'குடும்பக் காரணம்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். இருக்கும்போதே மாதம் ஒரு முறை, பதினைந்து நிமிடம், ஒவ்வொருவரிடமும் தனியாக உட்காருங்கள். ஆபீசில் வேண்டாம், கேன்டீனில் கூட்டம் இல்லாத நேரம் போதும்.

'ஏதாவது பிரச்சினையா?' என்று கேட்டால் 'இல்லண்ணா' என்றுதான் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள்.

'தம்பி, இந்த மாசத்துல எந்த நாள் வேலைக்கு வரவே பிடிக்கல?'

'அப்படில்லாம் இல்லண்ணா... போன சனிக்கிழமை கொஞ்சம்.'

'சனிக்கிழமை என்ன ஆச்சு?'

'பஃபேல நான் ஒருத்தன்தான் இருந்தேன். அன்னிக்கு ஷெஃப் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டாரு.'

அவ்வளவுதான், விஷயம் வந்துவிட்டது. அங்கேயே தீர்வு சொல்ல அவசரப்படாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், ஒரு வாரத்துக்குள் ஏதாவது ஒன்றைச் செய்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முடியவில்லை என்றும் ஏன் என்றும் சொல்லுங்கள். பேச வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது பேசாமல் இருந்ததைவிட மோசம்.

ஒருவர் வாழ்க்கையே வெறுத்துப்போன மாதிரி பேசினால், தூக்கம் சாப்பாடு இரண்டும் போயிருந்தால், இரவு ஊழியர் தங்குமிடத்தில் தினமும் குடித்துவிட்டுப் படுக்கிறார் என்று தெரிந்தால், அதை ரோஸ்டரால் தீர்க்க முடியாது. அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். மொரீஷியஸ் குடிமக்களுக்கு அரசு மருத்துவமனைகளில் மனநல சிகிச்சையும் இலவசம். வெளிநாட்டு ஒப்பந்தக்காரராக இருந்தால் அவருடைய மருத்துவக் காப்பீடு எதை ஏற்கும் என்பதை எச்.ஆரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள். மருத்துவரிடம் போனது வெளியே தெரிந்தால் பேர் கெட்டுவிடும் என்று பயப்படுவார்கள், அதனால் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

படி 6: விருந்தினர் அத்துமீறினால் யார் பக்கம் நிற்பீர்கள்?

இதை ஊழியர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். 2019-ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டத்தில் வேலையிடத்தில் வன்முறை, துன்புறுத்தல் இரண்டும் குற்றம். அதே ஆண்டு வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆவது உடன்படிக்கையை மொரீஷியஸ் 2021-இல் ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர் போன்ற வெளியாட்கள் செய்வதையும் அந்த உடன்படிக்கை கணக்கில் எடுக்கிறது.

நடைமுறையில்: அறைக்குள் ஆள் இருந்தால் கதவைத் திறந்து டிராலியைக் குறுக்கே நிறுத்திவிட்டு வேலை செய்யலாம், சங்கடமாகப் பட்டால் பாதியில் வெளியே வந்துவிடலாம், அதற்கு ஒரு கேள்வியும் கிடையாது என்று பிரீஃபிங்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். புகார் வந்தால் அந்த அறைக்கு அந்தப் பெண்ணை மறுபடி அனுப்பாதீர்கள். மன்னிப்புக் கேட்க அவரையே அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்தால் அந்தப் பெண் மட்டுமில்லை, பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் மனதுக்குள் ராஜினாமா எழுதிவிடுவார்கள்.

படி 7: ஊரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வரும் பையன்கள் சட்டென்று வேலையை விட முடியாது. அதனால் அவர்கள் பிரிவில் ஆள் மாறுவது குறைவாகத் தெரியும். அதைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுக்கு வெளியேறும் வழி இல்லை, அவ்வளவுதான்.

டின்னர் ஷிப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு அவன் போனை எடுக்கும்போது ஊரில் 12.30. குழந்தை தூங்கியிருக்கும், மனைவி தூக்கக் கலக்கத்தில் ஐந்து நிமிடம் பேசுவார். நாலு மாதம் தொடர்ந்து டின்னர் ஷிப்டிலேயே போட்டால் அவன் தன் குழந்தையின் குரலையே கேட்காமல் இருப்பான். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை ஐந்துக்குள் முடிகிற ஷிப்ட் கொடுங்கள், முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

தங்குமிடத்தில் இரவு வேலை செய்பவரையும் பகல் வேலை செய்பவரையும் ஒரே அறையில் போடாதீர்கள். பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கட்டும். உள்ளூர்ப் பேச்சு மொழியான கிரியோல் தெரியாமல் பிரீஃபிங்கில் விழிக்கிறவனுக்கு, உள்ளூர்ப் பையன் ஒருவனை முதல் மூன்று மாதத்துக்குத் துணையாகப் போடுங்கள், அந்தத் துணைக்கு ரோஸ்டரில் தினம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் அந்த உள்ளூர்ப் பையனுக்கு அது கூடுதல் சுமையாகிவிடும். நம் மொரீஷியஸ் தமிழர்களில் பலர் வீட்டில் கிரியோல்தான் பேசுகிறார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஒருவனைக் கோவிலுக்குக் கூட்டிப்போய் வீட்டில் சாப்பாடு போட்டால் மொழியெல்லாம் ஒரு தடையே இல்லை.

படி 8: காவடியும் கிறிஸ்துமஸும் புயலும்

டிசம்பரின் கடைசி இரண்டு வாரம் ஹோட்டல் நிரம்பி வழியும். அதில் நொந்துபோன உடம்போடு ஜனவரி வந்ததும் தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் தொடங்கும். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை, ஆனால் ஹோட்டலுக்கு விடுமுறை கிடையாது. விரதத்தில் இருப்பவரை இறைச்சி வெட்டும் இடத்திலும் பாரிலும் போடுவது சின்ன விஷயமாகத் தோன்றும். அவருக்கு அது சின்னது இல்லை.

அக்டோபரிலேயே ஒரு தாளை ஒட்டுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, ரமலான் பெருநாள் என்று வரிசையாக எழுதி, யாருக்கு எது முக்கியம் என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் அன்று நம்மவர்கள் வேலை பார்த்துக்கொள்வார்கள், காவடி அன்று கிறிஸ்தவ நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். பல மதங்கள் கலந்த இந்தத் தீவில் இது தானாகவே ஒத்துவரும், முன்கூட்டியே கேட்கிற ஒருவர் இருந்தால் போதும்.

புயல் காலம் தனி. மூன்றாம் எச்சரிக்கை வந்தால் பஸ் நின்றுவிடும், ஊரே வீட்டுக்குள் போய்விடும், ஹோட்டலில் மட்டும் ஒரு குழு விருந்தினர்களோடு தங்கும். தன் வீட்டுக் கூரை என்ன ஆனதோ என்று தெரியாமல் அங்கே சூப் பரிமாறிக்கொண்டிருப்பவரின் மனநிலையை நினைத்துப் பாருங்கள். நவம்பருக்கு முன்பே புயல் குழுப் பட்டியல் போடுங்கள், சின்னக் குழந்தையோ படுத்த படுக்கையான பெற்றோரோ இருப்பவரை அதில் சேர்க்காதீர்கள், ஒரே ஆளை இரண்டு முறை நிறுத்தாதீர்கள். புயல் எச்சரிக்கை நேரத்தில் வேலை செய்வதற்குச் சட்டப்படி தனிப் படியும் சாப்பாடும் உண்டு, அது சம்பளச் சீட்டில் வந்ததா என்று மாதக் கடைசியில் நீங்களே பாருங்கள். எச்சரிக்கை விலக்கப்பட்டதும் முதல் வண்டியில் அவர்களை வீட்டுக்கு அனுப்புங்கள்.

படி 9: மேலே எப்படிக் கேட்பது

ஜெனரல் மேனேஜரிடம் 'பசங்க ரொம்பக் கஷ்டப்படறாங்க சார்' என்று சொன்னால் அவர் அனுதாபப்படுவார், அதோடு சரி. எண்ணோடு போங்கள். ஒரு ரூம் அட்டெண்டன்ட் போனால் புது ஆளைத் தேட எத்தனை வாரம், பயிற்சியில் எத்தனை நாள் இரட்டைச் சம்பளம், அந்த நாட்களில் மற்றவர்களுக்கு எவ்வளவு ஓவர்டைம், வெளியிலிருந்து எடுத்த கூலி ஆட்களுக்கு எவ்வளவு என்று உங்கள் பிரிவின் சொந்தக் கணக்கை ஒரே தாளில் எழுதுங்கள். அதைப் படி 1-இல் எண்ணிய ஆட்களால் பெருக்குங்கள். அதன் கீழே நீங்கள் கேட்பதை எழுதுங்கள்: இரண்டு கூடுதல் ஆள், அல்லது ஒரு ஓய்வறை, அல்லது இன்னொரு வேன். ஒரு முறைக்கு ஒன்று மட்டும் கேளுங்கள், மூன்று மாதச் சோதனையாகக் கேளுங்கள்.

படி 10: போகிறவரை நல்லபடியாக அனுப்புங்கள்

எல்லாம் செய்தாலும் சிலர் போவார்கள். கப்பலில் கிடைக்கும் பணத்தோடு நம்மால் போட்டி போட முடியாது. பணிக்கொடை போய்விடும் என்று பயமுறுத்தி நிறுத்துகிற காலமும் போய்விட்டது. இப்போது இருக்கும் ஓய்வூதியப் பணிக்கொடை நிதி, ஆள் வேலை மாறினாலும் கூடவே வருகிற மாதிரிதான் அமைக்கப்பட்டிருக்கிறது.

நோட்டீஸ் காலத்தில் அவருக்கு மோசமான ஷிப்டாகப் பார்த்துப் போடாதீர்கள். மீதி விடுமுறைக்கான பணம், ஆண்டு இறுதி போனஸில் அவர் பங்கு, சான்றிதழ் மூன்றும் கடைசி நாளுக்குள் தயாரா என்று பாருங்கள். அவர் போன் நம்பரை வாங்கி வையுங்கள். கப்பல் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஓராண்டுக்குள் முடிபவை. ஏழெட்டு மாதம் கழித்து இறங்குகிறவர் அடுத்த முறை ஏறுவதா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த வாரத்தில் ஒரு போன் போடுங்கள். பழைய இடமும் பழைய சம்பள நிலையும் கொடுக்க முடியுமா என்று அதற்கு முன்பே எச்.ஆரிடம் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள், போனில் வெறும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.